இருபதாவது கட்டை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு பேனா மூடியிலிருந்து பிறந்தது.

கால்வாய்க் கரையில் இருநூறு வருடப் பழைய பஞ்சுக் கிடங்கு ஒன்றைப் பத்தே அறைகள் கொண்ட ஆடம்பர ஹோட்டலாக மாற்றியிருக்கிறார்கள். நண்பர் தயவில் ஏழாம் அறையில் ஒரு நாள் தங்கினேன். என் சொந்தக் காசில் அதன் வாசற்படியில்கூட உட்கார முடியாது. காலையில் எழுதலாம் என்று பேனாவைத் திறந்தேன். மூடி கைதவறி விழுந்து, தண்ணீர்ப் பக்கமாக உருண்டு, கட்டிலுக்கு அடியில் போனது. குனிந்து பார்த்தால், கட்டிலின் கால்வாய்ப் பக்கத்துக் கால்கள் இரண்டுக்கும் மரக்கட்டை அண்டை கொடுத்திருந்தது. கட்டடமே சாய்ந்திருக்கிறது. படுக்கிறவர்களுக்கு மட்டும் அது தெரியாமல் யாரோ பார்த்துக்கொள்கிறார்கள்.

யார் அவர்? உடனே எழுத உட்கார்ந்தேன்.

‘கால்வாய் நீரில் வரலாறு தளும்பிக்கொண்டிருந்த அந்தக் காலை’ (அடித்துவிட்டேன். வரலாறு தளும்பாது.)

‘அவள் கண்களில் ஒரு சோகம்’ (இதையும். அவள் கண்ணை நான் எங்கே கண்டேன்?)

ஒரு டஜன் தாள்களைக் கசக்கிக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு அறையைக் காலி செய்தேன்.

2

ஆக, அவளை நானே உண்டாக்க வேண்டியதாயிற்று.

நாற்பத்தைந்து வயது. அறைப் பராமரிப்புக்குப் பொறுப்பாளர். சட்டையில் குத்திய பேட்ஜில் அந்தச் சொல்லுக்கு முன்னால் ‘தற்காலிக’ என்று ஓர் ஒட்டுத்தாள், மூன்று வருடமாக. இன்று மூன்று மணிக்கு ஹோட்டலின் தரம் பார்க்கும் அதிகாரி வருகிறார். நல்லபடியாக முடிந்தால் ஒட்டுத்தாள் போகும், இல்லையென்றால் வெளியிலிருந்து வேறு ஆள் வரும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

(மேனேஜரை முதலில் கொடுமைக்காரராக எழுதியிருந்தேன். பாவமாக இருந்தது. அவருக்கும் மேலே ஒருவர் இருப்பார்.)

அதிகாரி குனிந்து பார்த்தாலும் குறை சொல்லக் கூடாது என்று, அவள் பத்து மணிக்கு, பத்து அறைக் கட்டில்களுக்கும் அடியில் இருந்த கட்டைகளை எடுத்து மெருகேற்றச் சொன்னாள். பளபளவென்று வந்தன, ஒரே வாளியில். ஒவ்வொரு கட்டையும் ஒவ்வொரு உயரம். எது எந்தக் காலுக்கு என்று யாரும் குறித்து வைக்கவில்லை.

சலவைப் பிரிவில் இருக்கும் அவள் தங்கை வாளியை எட்டிப் பார்த்தாள்.

“அடையாளம் எதுவும் போடலையாக்கா?”

“போட்டிருந்தா நான் ஏன் இப்படி முழிச்சிட்டு நிக்கிறேன்?”

“மட்டம் பாக்குற கருவி மெக்கானிக் அண்ணன்கிட்ட இருக்குமே.”

“அவர் லீவு. அலமாரியப் பூட்டிச் சாவியையும் கொண்டு போயிட்டாரு. எனக்குன்னு வந்து வாய்ச்சிருக்காங்க.”

3

இந்த இடத்தில் இரண்டு நாள் மாட்டிக்கொண்டேன். அழவைக்கலாமா என்று பார்த்தேன். ‘அவள் தரையில் சரிந்து உட்கார்ந்து’ என்று எழுதும்போதே அவள் என்னை முறைத்தாள்.

பிறகு தள்ளுவண்டியிலிருந்து, விருந்தினர்களுக்கு வைக்கும் விரல் அளவு ஷாம்பு பாட்டிலை எடுத்தாள். கட்டில் சட்டத்தில் அதைப் படுக்க வைத்ததும் உள்ளேயிருந்த காற்றுக்குமிழி மேடான பக்கம் ஓடியது. தங்கை கட்டிலைத் தூக்க, அவள் கட்டையை மாற்றி மாற்றிச் செருக, குமிழி நடுவில் வந்து நின்றது.

“வந்துட்டியா ராசா,” என்றாள் குமிழியிடம்.

முதல் அறைக்கு இருபது நிமிடம் பிடித்தது. ஒன்பதாவதற்கு நான்கே நிமிடம். அதற்குள் கட்டையைத் தொட்டாலே அதன் இடம் தெரிந்தது. கடைசியாக ஏழாம் அறை. கால்கள் இரண்டு, வாளியில் மிச்சம் இருந்ததோ ஒரே ஒரு கட்டை. இருபதாவதைக் காணோம்.

[சொல்லாமல் விட்ட ஒன்று. அந்த இருபதாவது கட்டை என்னிடம் இருக்கிறது. ஞாபகத்துக்கு இருக்கட்டும் என்று உருவிக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது என் மேஜையில் தாள்கள் பறக்காமல் அமுக்கிக்கொண்டிருக்கிறது. அவளை இப்படிச் சிக்கவைத்தது நான்தான் என்று எழுத வெட்கமாக இருக்கிறது.]

“அக்கா, மணி ரெண்டே முக்கால்.”

அவள் அறையைச் சுற்றிப் பார்த்தாள். கட்டை அமளியில் குப்பைக் கூடையை யாரும் காலி செய்திருக்கவில்லை. கசங்கிய தாள்களை எடுத்து நீவி, இரண்டாய், நான்காய், பதினாறாய் மடித்து அடுக்கிக் கட்டையில்லாத காலுக்கு அடியில் தள்ளினாள். குமிழி நடுவில் நின்றது.

4

அதிகாரிக்கு ஏழாம் அறையே கொடுக்கப்பட்டது. மறுநாள் காலை வரவேற்பறையில் அவர் சொன்னார்:

“பழைய கட்டடம்னாலே எனக்குப் பயங்க. நடுவுல படுத்தா ஓரத்துல எழுந்திரிப்பேன். இங்க படுத்த இடத்துலயே எழுந்தேன். யாரு இதையெல்லாம் பாத்துக்கறது?”

மேனேஜர் அவளைக் கைகாட்டினார். அதே கையால் ஒட்டுத்தாளைப் பிய்க்க வந்தார்.

“இருங்க சார், நானே பிச்சுக்கறேன்.”

மூன்று வருடப் பசை. நகத்தால் சுரண்டிச் சுரண்டி, ஒரு துணுக்கும் மிச்சமில்லாமல் எடுத்தாள். சலவை அறை வாசலில் நின்ற தங்கை, துண்டை உதறுகிற சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

(வேறு முடிவுகளும் வைத்திருந்தேன். அதிகாரி குனிந்து, தாள்களை உருவி, என் எழுத்தைப் படித்து... வேண்டாம். அவள் ஜெயித்த இடத்தில் எனக்கென்ன வேலை?)

5

என் எழுத்து ஒருவரை நன்றாகத் தூங்கவைத்தது என்றால் நண்பர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நான் அடித்த வரிகள் ஒரு கட்டிலைத் தாங்குகின்றன.

கட்டையை உறையில் போட்டு ஹோட்டல் முகவரி எழுதிவிட்டேன். இன்னும் ஒட்டவில்லை. அனுப்பினால் என் தாள்கள் மறுபடி குப்பைக்குப் போகும். அனுப்பாவிட்டால் நான் திருட்டுப் பேர்வழி. என்ன செய்யட்டும், நீங்களே சொல்லுங்கள். சொல்வதற்கு முன் அவளையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஏழாம் அறையில் எதை எது தாங்க வேண்டும் என்று முடிவு செய்ய, இப்போது அங்கே ஒரு பொறுப்பாளர் இருக்கிறார்.