றுகையாவின் பங்கு

கல்முனை பஸ்ஸுக்கு நிற்கும்போதும் நஜ்லா தங்கச்சிக்கு இன்னொருதரம் சொல்லிக் கொடுத்தாள்.

"நொத்தாரிசு கேட்டா இத அமத்தணும். விளங்குதா?"

றுகையா கையிலிருந்த டெப்பின் திரையில் பச்சைப் படத்தை அமத்தினாள். "ஓம்" என்றது உள்ளிருந்த பெண்குரல். நஜ்லா இனிப்பாக ஒரு துண்டு மஸ்கட்டை அவள் வாயில் வைத்தாள். மூன்று நாளாக இதே பாடம்தான்.

றுகையாவுக்கு முப்பத்தொரு வயது. சின்னதிலிருந்தே விளக்கம் குறைவு, பேச்சும் வரவில்லை. பகல் நிலையத்துத் தர்சிகா டீச்சர்தான் போன வருசம் இந்த டெப்பைப் பழக்கினார். படத்தைத் தொட்டால் பேசும். முதல்நாள் அவள் தொட்டது நஜ்லாவின் படத்தை. "ராத்தா" என்று அது கூப்பிட்டபோது நஜ்லா அடுப்படிக்குள் போய் அழுதாள்.

இப்போது நஜ்லாவின் மகளுக்கு மாப்பிள்ளை பேசியாயிற்று. வீட்டை முழுசாக எழுதினால்தான் கலியாணம் என்றுவிட்டார்கள். உம்மா மௌத்தாகுமுன் பாதி வீட்டை றுகையாவின் பேருக்கு எழுதியிருந்தா. இவளை யாரும் வெளியே போ என்று சொல்லக்கூடாதாம்.

உறுதி எழுதும் நொத்தாரிசு நல்ல மனுசன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து கேட்டார்.

"தங்கச்சி, உங்கட பங்க ராத்தாட மகளுக்குக் குடுக்க விருப்பமா?"

றுகையா நஜ்லாவின் முகத்தைப் பார்த்தாள். விரல் பச்சைப் படத்துக்கு மேல் நின்றது. பிறகு நகர்ந்தது.

"வேணாம்."

"கை மாறிப் பட்டிட்டு சேர்," என்று நஜ்லா சிரித்தாள்.

"வேணாம். என்ட. வீடு."

யாராவது அவளுடைய சோற்றுப் பீங்கானை எடுத்தாலும் இப்படித்தான். வேணாம், என்ட பீங்கான் என்று டெப்பைக் கத்தவைப்பாள். நஜ்லாவுக்கு அந்தப் பாஷை தெரியும். அந்த அறையில் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

"என்ன சொல்றா?"

"அவட வீடு அவவுக்கு வேணாமாம் சேர்."

நொத்தாரிசு பெருமூச்சு விட்டு மைப்பெட்டியைத் தள்ளினார். கையை இழுத்த றுகையாவின் பெருவிரலை நஜ்லாவே பிடித்து அழுத்தினாள். வெளியே வந்ததும் மிச்ச மஸ்கட்டை அவள் வாய்க்கு நீட்டினாள். றுகையா வாய் திறக்கவில்லை.

கலியாணத்துக்கு முதல்வாரம் றுகையாவின் கட்டில் பின்பக்கத்துச் சாமான் அறைக்குப் போனது. அன்றிலிருந்து டெப் ஓயவில்லை. கலியாண வீட்டில் மாப்பிள்ளையின் உம்மா முகம் சுழித்தா.

"என்ன புள்ள இது, எந்நேரமும் என்ட வீடு, என்ட வீடெண்டு?"

"சும்மா விளையாடுறா மாமி."

நஜ்லா டெப்பை வாங்கிச் சத்தத்தை அடியோடு குறைத்துத் திருப்பிக் கொடுத்தாள்.

றுகையா அமத்தினாள். ஒன்றும் கேட்கவில்லை. முந்தானையால் டெப்பின் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் அமத்தினாள். பிறகு பெண்களுக்கு நடுவால் வந்து, டெப்பை நஜ்லாவின் காதோடு சேர்த்துப் பிடித்து, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு அமத்தினாள்.