ஏழு நிமிட வேலை

…ஏழு நிமிடம்தான் ஆனது, காலையில் அக்கா வாசலுக்கு வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஆரம்பித்தேன், ட்ரெய்லரை என் பிக்கப்பின் பின்கொக்கியில் மாட்டி, ஒயரைச் சொருகி, டேப்பால் நீளம் பார்த்து, பதினான்கு அடி நான்கு அங்குலம் என்று திரையில் அடித்து, இரண்டு பக்கக் கண்ணாடியிலும் எச்சரிக்கை விளக்கு எரிகிறதா என்று சோதித்து முடித்தபோது ஏழே ஏழு நிமிடம், முகம் கழுவித் துடைக்கிற நேரம், அந்த ஏழு நிமிடத்தை ஒரு மனிதனுக்குக் கொடுக்க முடியவில்லை என்றால்… சரி, விடு, இதையெல்லாம் யோசித்துக்கொண்டு ஓட்டினால் நீயும் எங்காவது கொண்டுபோய் மோதுவாய், சாலையைப் பார். பார்க்கிறேன். அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள், மடியில் அவள் எழுதிய நான்கு பக்கம். பின்னால் வருவது மாமாவின் ட்ரெய்லர், அக்கா புருஷன், போன வருஷம் இதை இழுத்துக்கொண்டு போனபோதுதான் செத்தார். அச்சை நிமிர்த்தி, சக்கரம் மாற்றி, உருளும்படி செய்துவிட்டோம், ஆனால் நசுங்கின தகடு நசுங்கினபடியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள், எல்லாரும் பார்க்கட்டுமாம். பதினோரு மணிக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம், இழுவை வண்டிகளில் ஓட்டுநருக்கு உதவும் கருவிகளை எல்லா மாடலிலும் கட்டாயமாகப் பொருத்தித் தர வேண்டுமா, இல்லை விருப்பப்பட்டவனுக்கு மட்டும் விற்றால் போதுமா என்று போக்குவரத்துத் துறை அதிகாரிகள் கேட்கப்போகிறார்கள், அந்தக் கட்டடத்துக்கு முன்னால் இதைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். இழுத்துக்கொண்டு போக வேறு ஆளே கிடைக்கவில்லையா அவளுக்கு? தம்பி இருக்கும்போது எதற்கு வேறு ஆள், அதுவும் பதினோரு வருஷமாக பிக்கப் விற்கிற தம்பி, மாமாவுக்கும் வண்டி விற்ற தம்பி.

“படிக்கிறேன், சரியா இருக்கான்னு சொல்லு” என்கிறாள், படிக்கிறாள், என் கணவர் இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சமையலறை அலமாரிகள் செய்து, தாமே இழுத்துச் சென்று பொருத்தி வந்த தச்சர், கவனமாக ஓட்டுபவர், அவர் வாங்கிய வண்டியில் ட்ரெய்லருக்குப் பக்கத்தில் வரும் வாகனத்தைக் காட்டும் எச்சரிக்கை வசதி இல்லை… நிறுத்திவிட்டு, “வசதின்னு போடவா, கருவின்னு போடவா?” என்று கேட்கிறாள், நானும் வெட்கமில்லாமல் “கருவின்னு போடுக்கா, வசதின்னா சொகுசு மாதிரி இருக்கு” என்கிறேன், அவள் பேனாவை எடுத்துத் திருத்துகிறாள், பாருங்கள், பொய்க்கு மெருகு போட்டுக் கொடுக்கிறேன். இல்லை என்ற அந்த ஒரு வார்த்தை அவளுடையதில்லை, நான் கொடுத்தது. ஆஸ்பத்திரி நடையில், மாமா உள்ளே கிடந்தபோது, “அவர் வண்டியில அந்த லைட்டெல்லாம் இருந்துச்சா, இல்லையாடா?” என்று கேட்டாள், “அந்த மாடல்ல அது கிடையாதுக்கா” என்று வாய் கூசாமல் சொன்னேன், யோசித்துச் சொன்னதா, பயத்தில் வந்துவிட்டதா, இன்றுவரை தெரியவில்லை, வந்துவிட்டது, அதை வைத்துக்கொண்டு அவள் வீடு வீடாகப் போய் முந்நூறு கையெழுத்து வாங்கிவிட்டாள், பத்திரிகைக்காரர்களிடம் பேசிவிட்டாள், நான் ஒவ்வொரு வாரமும் அவள் வீட்டில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டு வந்தேன். இருந்தது. அந்த வண்டியில் எல்லாம் இருந்தது. வண்டிக் கம்பெனிக்காரர்கள் இந்தக் கூட்டத்துக்குச் சும்மா கை வீசிக்கொண்டா வருவார்கள்? ஃபைலோடு வருவார்கள், டெலிவரி ஷீட்டை எடுத்து நீட்டுவார்கள், ‘ட்ரெய்லர் அமைப்பு செய்து காட்டப்பட்டது’ என்ற இடத்தில் டிக், அதற்குக் கீழே என் கையெழுத்து, மாமா கையெழுத்து, “அம்மா, உங்க வண்டியில அது இருந்துச்சே” என்று மரியாதையாகத்தான் கேட்பார்கள், அத்தனை பேர் நடுவில் அக்கா பொய் சொன்னவளாக நிற்பாள். ஒரு வருஷம் இருந்தது சொல்வதற்கு. இப்போது நாற்பது நிமிடம் இருக்கிறது, சொல்லுடா, சொல்லித் தொலை.

அந்நியர்கள் என்றால் நான் கறார், ட்ரெய்லரைக் கொண்டு வாங்க, மாட்டி அளந்து காட்டாமல் சாவி தரமாட்டேன் என்று நின்றுகொள்வேன், சண்டை போட்டவர்கள்கூட உண்டு, மேனேஜர் என்னைத்தான் மற்றவர்களுக்கு உதாரணம் காட்டுவார். மாமா வெறுங்கையோடு பஸ்ஸில் வந்தார், ட்ரெய்லர் பட்டறையில் இருந்தது, ஷீட்டை முடிக்காமல் வண்டி கேட்டைத் தாண்டாது, நம்ம மாமாதானே, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே போய் அளந்து போட்டுக் கொடுத்தால் போயிற்று என்று டிக் அடித்தேன். நம்ம மாமாதானே… ஊரான் என்றால் உடனே செய்கிறவன் சொந்தம் என்றால் நாளைக்கு என்கிறான், இது என்ன பழக்கம், யாரிடம் கற்றேன்? ஞாயிற்றுக்கிழமை போனேன், போகாமல் இல்லை, சாப்பிட்டேன், சோபாவில் சாய்ந்தேன், தூங்கிவிட்டேன், அக்கா எழுப்ப வந்தாளாம், “விடு, வாரம் பூரா நின்னுக்கிட்டே இருக்கான், தூங்கட்டும்” என்று மாமாதான் தடுத்தாராம், எழுந்தபோது வெளிச்சம் போய்விட்டது, அடுத்த வாரம் என்றேன். நடுவில் ஒரு நாள் போன், எனக்கு எதிரே கஸ்டமர் உட்கார்ந்திருக்கிறார், “மச்சான், ட்ரெய்லரை மாட்டினா திரையில ஒண்ணு வருது, புது ட்ரெய்லர், விவரம் குடுங்கன்னு. கீழ ‘இப்போது’, ‘பிறகு’ன்னு ரெண்டு பட்டன். எதை அமுக்க?” என்கிறார், நான் என்ன சொன்னேன், “பிறகுன்னு அமுக்குங்க மாமா, ஞாயித்துக்கிழமை நான் வந்து பாத்துக்கறேன்” என்றேன், “நீ சொன்னா சரி” என்றார். நீ சொன்னா சரி. நீளம் தெரியாவிட்டால் அந்தக் கருவி பேசாமல் படுத்துவிடும், கண்ணாடியில் விளக்கே எரியாது, அது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது, ட்ரெய்லர் இல்லாமல் ஓட்டும்போது அது அழகாக எரிவதைப் பார்த்துப் பழகியிருப்பார், எரியவில்லை என்றால் பக்கத்தில் யாருமில்லை என்றுதான் எந்த மனுஷனும் நினைப்பான். சொன்ன ஞாயிற்றுக்கிழமையும் நான் போகவில்லை, அதற்கடுத்ததும் போகவில்லை, மூன்று வாரம் மாட்டும்போதெல்லாம் அது கேட்டிருக்கும், மாட்டும்போதெல்லாம் பிறகு என்று அமுக்கியிருப்பார், சொன்ன சொல்லைத் தட்டாத மனுஷன். விபத்தன்று பைக்கில் வந்து அடிபட்டவர் கையில் கட்டோடு போலீசிடம் சொன்னாரே, “அவரு கண்ணாடியைப் பாத்தாரு சார், பாத்துட்டுத்தான் என் பக்கம் வந்தாரு” என்று, பைக் ட்ரெய்லரின் வால் பக்கம் இருந்திருக்கிறது, கடைசி நொடியில் பார்த்து வெடுக்கென்று திருப்பியிருக்கிறார், அலமாரிச் சுமையோடு ட்ரெய்லர் ஒரு பக்கமாக வீசி வண்டியையும் சேர்த்துப் புரட்டிவிட்டது. கண்ணாடியைப் பார்த்துவிட்டுத்தான் வந்தார். இதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு ஒழுங்கான தூக்கமில்லை.

வலது கண்ணாடியில் மஞ்சள் விளக்கு எரிகிறது, ஒரு பைக், ட்ரெய்லரின் வால் பக்கம், நம் கண்ணுக்குத் தெரியவே தெரியாத இடத்தில், மெதுவாக முன்னேறி எங்களைக் கடந்து போகிறது, விளக்கு அணைகிறது. அக்கா பார்த்துவிட்டாள், பார்க்காமல் இருப்பாளா, “அது என்னடா?” “பக்கத்துல வண்டி வருதுன்னு காட்டுதுக்கா.” “ட்ரெய்லருக்குப் பக்கத்துல வந்தாலுமா?” “ம்.” அணைந்த விளக்கையே பார்த்துவிட்டு, “நம்ம வண்டியில இது இருந்திருந்தா…” என்று இழுத்துவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள், இப்போது சொல்லலாம், இதைவிட நல்ல இடம் கிடைக்காது, வாயைத் திற, நான் இருமுகிறேன், தண்ணீர் பாட்டிலை எடுக்கிறேன், சீ, நீயெல்லாம் ஒரு ஆம்பிளை. எல்லா வண்டியிலும் கட்டாயமாக வரத்தான் வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, எங்கள் மேனேஜர் சிரிப்பார், எல்லாத்தையும் வண்டியே பாத்துக்கிட்டா டிரைவர் எதுக்குய்யா, பொம்மையை உக்கார வச்சு அனுப்பலாமே என்பார், கழுத்தைத் திருப்பிப் பார்க்கத் தெரியாதவனுக்குத்தான் அதெல்லாம் என்று பழைய டிரைவர்கள் பீற்றிக்கொள்வார்கள், நானும் அவர்களோடு சேர்ந்து பல்லைக் காட்டியிருக்கிறேன், டீ குடித்துக்கொண்டே. ஆனால் கட்டாயமாக இருந்திருந்தாலும் மாமா செத்துத்தான் இருப்பார், அதுதானே என் நெஞ்சில் கிடந்து குத்துகிறது, பெட்டியில் இருந்த மருந்தை எடுத்துக் கொடுக்காதவன் நான். இப்போது புதிதாக ஒன்று வந்திருக்கிறது, கேமரா வைத்துத் தானே நீளத்தை அளந்துகொள்ளும், யாரும் வந்து போட்டுத் தர வேண்டாம், அதைத்தான் கேட்க வேண்டும், எங்கள் ஞாயிற்றுக்கிழமைகளை நம்பாத வண்டி வேண்டும், மச்சான்களை நம்பாத வண்டி வேண்டும் என்று எழுத வேண்டும் அந்த நான்கு பக்கத்திலும். அதை எழுத அக்காவுக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டுமே, யார் சொல்வது.

கட்டடம் வந்துவிட்டது, இத்தனை சீக்கிரமாகவா, காவலாளி கையைக் காட்டி ஓர் ஓரத்தைக் காண்பிக்கிறார், பின்னோக்கிப் போகிறேன், ஸ்டியரிங்கை இடம் திருப்பினால் ட்ரெய்லர் வலம் போகும், இதைக் கஸ்டமர்களுக்குச் சொல்லிக் கொடுத்தே நாக்கு தேய்ந்தவன், இன்றைக்கு மூன்று தடவை முன்னும் பின்னும் இழுத்தேன். நசுங்கின தகடு வாசலைப் பார்த்து நிற்கிறது. படியில் ஏறிப் போகிறவர்கள் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்கள், கோட்டுப் போட்ட இருவர் ஒரு பெரிய ஃபைலோடு உள்ளே போகிறார்கள், எங்கள் கம்பெனிக்காரர்கள்தான், ஒருவரை எனக்கு முகம் தெரியும். அக்கா கதவில் கை வைக்கிறாள். “அக்கா, போகாத” என்றேன். என்ன என்பது போலப் பார்த்தாள். அப்புறம் எப்படிச் சொன்னேன் என்று கேட்காதீர்கள், முன்னும் பின்னுமாகக் கொட்டினேன், வண்டியில இருந்துச்சுக்கா, நான்தான் போட்டுத் தரல, டிக் மட்டும் அடிச்சேன், பிறகுன்னு அமுக்கச் சொன்னதும் நான்தான், உன்கிட்டப் பொய் சொல்லிட்டேன், உள்ள ஷீட்டைக் காட்டுவாங்க, உன்னை அசிங்கப்படுத்திடுவாங்க… மூக்கு ஒழுகுகிறது, நாற்பத்தொரு வயசு எருமை, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுகிறேன். அறையப்போகிறாள் என்று நினைத்தேன், அறைந்தால் தேவலை என்றும் நினைத்தேன்.

“தெரியும்டா” என்றாள். எனக்குப் புரியவில்லை, என்ன தெரியும், எது தெரியும். “அன்னைக்கு ஸ்பீக்கர்ல போட்டுத்தான் உன்கிட்டப் பேசினாரு. நான் பக்கத்துல உக்காந்திருக்கேன். நீ பிறகுன்னு சொன்னதும் அவரு என்னைப் பாத்தாரு. தம்பிதான் சொல்றானே, அமுக்குங்கன்னு நானும் சொன்னேன்.” தாள்களைச் சீராக அடுக்கினாள், ஒரே நீளமாக, மூலை மடங்காமல். “அதுக்கு உன்னை ஒண்ணும் சொல்லமாட்டேன். வேலை நேரத்துல போன் வந்தா யாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. ஆனா அவரு வண்டிக் கண்ணாடியில அந்த லைட் எரியறதை நானே பாத்திருக்கேன், நீயா சொல்லுவேன்னுதான் ஆஸ்பத்திரியில கேட்டேன், என் மூஞ்சியைப் பாத்து, அந்த மாடல்ல கிடையாதுன்னு சொன்னியே… அதை வச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னுதான் ஒரு வருஷமா எனக்குத் தெரியல.” “அப்பவே கேட்டிருக்கலாமேக்கா, செருப்பால அடிச்சிருக்கலாமே.” “கேட்டா? அவரும் போயி, நீயும் போயிட்டா, எனக்கு யாருடா இருக்கா?” அவள் குரல் உடையவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை, கடையில் சாமான் பட்டியல் சொல்வது போலச் சொன்னாள். “அப்போ இத்தனையும் எதுக்கு எழுதின?” “நீ இல்லைன்னு சொன்ன. நானும் இல்லைன்னே வச்சுக்கிட்டேன். எல்லா வண்டியிலயும் வரணும்னு கேக்கறது பொய்யில்லையே, அது நிஜந்தானே.” “உள்ள அவங்க ஷீட்டை நீட்டினா?” “நீட்டட்டும். எனக்கு வண்டியைப் பத்தி ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிட்டு உக்காந்துக்கறேன். என் தம்பி சொன்னான்னு மட்டும் சொல்லமாட்டேன்.” கதவைத் திறந்து இறங்கினாள், புடவையை உதறிச் சரி செய்துகொண்டாள், “கண்ணைத் துடை, யாராவது பாக்கப் போறாங்க” என்றாள், படியேறிப் போனாள், திரும்பிப் பார்க்கவில்லை.

நானல்லவா அவளை மானக்கேட்டிலிருந்து காப்பாற்ற வேண்டும் என்று ஒரு வருஷமாகத் தூக்கம் கெட்டேன், அந்த அவமானம் வரப்போகிறது என்று அவளுக்குத் தெரியும், தெரிந்தேதான் புடவையை உதறிக்கொண்டு போகிறாள், என் கையெழுத்தின் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்வதற்கு. இப்படியும் ஒருத்தி இருப்பாளா, கோபப்படக்கூட எனக்கு இடம் வைக்காமல்… சொல்லிவிட்டேன், அதுவரை சரி, நெஞ்சு கொஞ்சம் லேசானது மாதிரிகூட இருக்கிறது, வெட்கங்கெட்ட நெஞ்சு, எதற்கு லேசாகிறது? எதைச் சொல்லிவிட்டேன் பெரிதாக? கதவு மூடிக்கொண்டது, உள்ளே மைக்கைத் தட்டிப் பார்க்கிற சத்தம் இங்கே வரைக்கும் கேட்கிறது, நான் இன்னும் சீட் பெல்ட்டைக்கூடக் கழற்றவில்லை. ஏற்கெனவே தெரிந்த ஒருத்தியிடம்தான் சொல்லியிருக்கிறேன், தெரியாதவர்கள் எல்லாரும் உள்ளே இருக்கிறார்கள்.