கண் திறந்த பாஸ்தா

அத்தை சமைத்த பாஸ்தா, ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மேசைக்கு வந்து, எல்லோரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்த பிறகு கண் திறந்தது. பாத்திரத்தில் இருந்த அத்தனை கண்களும் ஒன்றாகத் திறந்தன. முதலில் விளக்கைப் பார்த்துக் கூசின. பிறகு பழகிக்கொண்டு ஆளாளுக்கு ஒரு பார்வை பார்த்தன. அந்தக் குடியிருப்பில் இதற்கு முன்பும் சில விநோதங்கள் நடந்ததுண்டு. மூன்றாம் மாடித் தையல்காரரின் நிழல் அவருக்கு முன்பே படியிறங்கிப் போய்ப் பால் வாங்கி வந்த வருஷத்தை இன்னும் சிலர் நினைவு வைத்திருக்கிறார்கள். ஆனால் சாப்பாட்டு விஷயத்தில் இதுதான் முதல் தடவை. அத்தைக்குப் பயமெல்லாம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. ஒரு விஷயத்தை அன்றைக்கு எப்படியாவது வீட்டாரிடம் சொல்லிவிடுவது என்று அவள் முடிவெடுத்திருந்தாள்.

விஷயம் இதுதான்: அவள் தனியாகப் போய் இருக்க ஓர் அறை பிடித்திருந்தாள். கண்ணாடிக் கடையில் அவளுக்கு வேலை. மருத்துவர் எழுதித் தரும் அளவுக்கு லென்ஸைத் தேய்த்து, ஃப்ரேமில் பொருத்தி, மூக்கில் சரியாக நிற்கிறதா என்று பார்த்துக் கொடுப்பவள். கடைக்குப் பின்சந்தில் ஒரு மாடியறை காலியாக இருந்ததைப் பார்த்த அன்றே சாவியை வாங்கிக் கைப்பையின் உள்ளறையில் போட்டுக்கொண்டாள். அதுவும் ஆயிற்று ஒரு வருஷம். பெற்றோர் போன பிறகு தம்பி வீட்டிலேயே தங்கிவிட்டவள் அவள். தம்பி பள்ளி வேன் ஓட்டுகிறான். தம்பி மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாள். மூத்த பெண் எந்நேரமும் காதில் எதையாவது மாட்டிக்கொண்டிருப்பாள். இளையவளை எல்லோரும் வாண்டு என்றே கூப்பிட்டார்கள். நால்வரும் நல்லவர்கள்தான், பாசத்துக்கும் குறைவில்லை. ஆனால் நால்வருக்கும் மூக்குக்கு நேரே இருக்கிற பொருள்கூடத் தெரியாது. அக்கா சாவி எங்க, அண்ணி என் செருப்பு எங்க, அத்தை இன்னொரு சாக்ஸ் எங்க என்று அவள் குளித்துக்கொண்டிருந்தால் கதவுக்கு வெளியே நின்றும் கேட்பார்கள். இருபது வருஷமாகப் பதில் சொல்லிச் சொல்லி அவளுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. யாரும் எதையும் கேட்காத ஓர் இடத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. சொல்ல வாயெடுத்த போதெல்லாம் குறுக்கே ஏதாவது வந்து நின்றது. ஒரு தடவை தம்பிக்குக் குடல்வால் அறுவை. ஒரு தடவை சமையலறைக் குழாய் வெடித்து வீடெல்லாம் தண்ணீர். அதனால் மதிய இடைவேளையில் மட்டும் அந்தக் காலி அறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, வெறுந்தரையில் சும்மா உட்கார்ந்துவிட்டு வருவாள்.

பேய்ச் சாப்பாடு வேண்டும் என்று வாண்டு ஒரு வாரமாக உயிரை எடுத்துக்கொண்டிருந்தாள். பேய்க்குப் பயந்தாவது எல்லோரும் ஒரே மேசையில் உட்காருவார்கள், அப்போது சொல்லிவிடலாம் என்று அத்தையும் சரி என்றாள். பீட்ரூட் வெந்த தண்ணீரில் ஸ்பகெட்டியைப் போட்டுக் குடல் நிறத்துக்குக் கொண்டுவந்தாள். சாசேஜைத் துண்டு போட்டு, வேகாத ஸ்பகெட்டிக் குச்சிகளை அவற்றில் குறுக்காகச் செருகி வேகவிட்டாள். கால் முளைத்த பூச்சிகளாக அவை மிதந்தன. தக்காளி சாஸ்தான் ரத்தம். மேலே வைக்கக் கண்கள் செய்தாள்: சீஸ் உருண்டை, அதன்மேல் ஆலிவ் வளையம், நடுவில் ஒரு மிளகு. வேறு யாராவது செய்திருந்தால் ஏனோதானோ என்று வைத்துவிட்டுப் போயிருப்பார்கள், கண்களும் சிவனே என்று கிடந்திருக்கும். அத்தைக்கு மிளகு நூலளவு விலகியிருந்தாலும் பொறுக்காது. இரண்டு கண்பாவைகளுக்கு நடுவே உள்ள தூரத்தை அளக்கும் கடை ஸ்கேலை எடுத்துக் கழுவி, ஒவ்வொரு ஜோடியையும் அளந்து, மாறுகண் வராமல், பார்வை நேராக இருக்கும்படி அமைத்தாள். தப்பு அங்கேதான் நடந்தது. அவ்வளவு சரியாக வைக்கப்பட்ட கண்கள் பார்க்காமல் வேறென்ன செய்யும்?

"நான் ஒரு விஷயம் சொல்லணும்," என்று அத்தை தொண்டையைச் செருமியபோதுதான் அவை திறந்தன. தம்பியின் முள்கரண்டி அந்தரத்தில் நின்றது. வாண்டு கைதட்டினாள். மூத்தவள் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினாள், அந்த வீட்டில் அதுவே பெரிய அதிசயம். தம்பி மனைவி மட்டும் சாஸைக் கரண்டியில் அள்ளி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "கண்ணு சரிதான் அண்ணி. ரத்தம்தான் இவ்வளவு சிவப்பா இருக்காது," என்றாள். அத்தை பாத்திரத்தைப் பார்த்து, "இன்னிக்குத்தானா உங்களுக்கு நேரம் கிடைச்சுது?" என்று கேட்டாள். அவை ஒரு தடவை இமைத்தன. பார்த்துக்கொண்டிருக்கிற கண்ணில் முள்கரண்டியைக் குத்த யாருக்கும் மனம் வரவில்லை. ஓரமாகச் சுற்றிச் சுற்றிச் சாப்பிட்டு முடித்தார்கள். ருசி நன்றாகவே இருந்தது. அத்தை என்ன சொல்ல வந்தாள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

கண்களைக் கண்ணாடிக் கிண்ணத்தில் உப்புத்தண்ணீர் ஊற்றிப் போட்டு ஃபிரிட்ஜுக்குள் வைத்தார்கள். கதவைத் திறக்கும்போதெல்லாம் அவை இருட்டில் விட்டுவிட்டுப் போன பிள்ளைகளைப் போலப் பார்த்ததால், அடுத்த நாளே எடுத்து ஃபிரிட்ஜின் தலைமேல் வைக்கவேண்டியதாயிற்று. கெட்டுப்போகும் என்று காத்திருந்தார்கள், கெடவில்லை. திங்கட்கிழமை காலை தம்பி வழக்கம்போல, "அக்கா, வேன் சாவி எங்க?" என்று கத்தினான். அத்தை வாயைத் திறப்பதற்குள் கிண்ணத்தில் இருந்த கண்களெல்லாம் ஒரே பக்கமாகத் திரும்பிச் செருப்பு அலமாரியின் பின்பக்கத்தைப் பார்த்தன. சாவி அங்கேதான் கிடந்தது. அன்று மாலைக்குள் ஒரு குடை, மூத்தவளின் இயர்போன், தொலைந்து வெகுகாலமான ஒரு பால்பல் எல்லாம் கிடைத்துவிட்டன. பால்பல்லை யாரும் தேடவில்லை, வாண்டு சும்மா கேட்டுப் பார்த்ததுதான்.

பிறகு அக்கம்பக்கத்தார் வரத் தொடங்கினார்கள். பிறர் வீட்டில் தொலைந்ததைக் கண்கள் காட்டித் தராது என்று தெரிந்ததும் வரத்து குறைந்தது. கீழ்வீட்டு ஓய்வுபெற்ற வங்கிக்காரர் மட்டும் விடாப்பிடியாக வந்து, போன தன் மரியாதை எங்கே என்று கேட்டார். கண்கள் நாகரிகமாகக் கீழே பார்த்துக்கொண்டன. உணவுப் பரிசோதகர் ஒருவர் வந்து, பார்வை தெளிவாக உள்ளது, உண்ணத் தகுந்ததல்ல என்று சான்று எழுதிவிட்டு, கையெழுத்துப் போடப் பேனாவைத் தேடினார். கண்கள் அவர் காதுமடலைப் பார்த்தன. அதற்குப் பிறகு அது ஊரில் பேச்சாக இல்லை. விருந்தாளிகள் வந்தால் காட்டுவார்கள், தூசி விழாமல் மெல்லிய துணி போட்டு மூடுவார்கள், வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றுவார்கள். தண்ணீர் மாற்றுவது அத்தையின் வேலையாகவே இருந்தது என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

இப்படி இரண்டு வருஷம் போயிற்று. அத்தையை எவரும் எதுவும் கேட்பதில்லை. குளித்தால் குளிக்கலாம், தூங்கினால் தூங்கலாம். இனித் தாராளமாகப் போகலாம், வீடு தவிக்காது. ஆனால் எது வேண்டுமென்று இத்தனை நாள் ஏங்கினாளோ அது வந்து சேர்ந்ததும் அவளுக்கு நெஞ்சு எரிந்தது. சீஸ் உருண்டைக்கு இருக்கிற மதிப்புக்கூட நமக்கு இல்லையா என்று பொருமினாள். சாக்ஸ் எங்கே என்று கேட்கத்தான் அவளைக் கூப்பிட்டார்கள் போலிருக்கிறது. சாக்ஸ் கிடைத்துவிட்டால் அவளிடம் பேச ஒன்றுமே இல்லை. ஒரு நாள் வேண்டுமென்றே தம்பியின் சாவியை எடுத்து அரிசி டப்பாவுக்குள் ஒளித்துவைத்தாள். தம்பி கிண்ணத்தைப் பார்த்தான், அரிசி டப்பாவைத் திறந்தான், சாவியை உதறிக்கொண்டு போனான். அங்கே எப்படிப் போயிற்று என்றுகூட அவன் யோசிக்கவில்லை.

கடைசியில் அந்த விஷயத்தையும் அவளாகச் சொல்லக் கண்கள் விடவில்லை. வாண்டு இப்போது வளர்ந்து குறும்பிலும் வளர்ந்திருந்தாள். ஒரு சாப்பாட்டு வேளையில் பொழுதுபோகாமல் கிண்ணத்தைப் பார்த்து, "இந்த வீட்டுல ரகசியம் எங்க இருக்கு?" என்று கேட்டாள். கண்கள் சற்று யோசித்தன. பிறகு எல்லாமாகத் திரும்பி ஆணியில் தொங்கிய அத்தையின் கைப்பையைப் பார்த்தன. தடுப்பதற்குள் வாண்டு சாவியை வெளியே எடுத்துவிட்டாள். அத்தை மென்று விழுங்காமல் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். தம்பிக்கு முகம் சுண்டிவிட்டது.

"மூணு வருஷமா ரூம் வெச்சிருக்க. எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா அக்கா?"

"எத்தனை தடவை சொல்ல வந்தேன்! நீங்க எப்பவாவது என்னை வாயத் திறக்க விட்டீங்களா? குழாய் வெடிக்குது, குடல் வெடிக்குது, கடைசில பாஸ்தா கண்ணைத் திறக்குது!"

தம்பி மனைவி அழுதாள். மூத்தவள் எழுந்து வந்து அத்தையின் தோளில் கை வைத்தாள். வாண்டு, "அப்போ கண்ணு யாருக்கு?" என்று கேட்டு அடி வாங்கப் பார்த்தாள். எனக்கு ஒரு மண்ணும் வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றாள் அத்தை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தம்பியின் வேனில் ஒரு பெட்டி, ஒரு பாய், ஒரு ஸ்டவ் ஏற்றிக்கொண்டு போனாள். சந்தின் முனையிலேயே இறங்கிக்கொண்டு, நானே எடுத்துப் போகிறேன் என்று அவனைத் திருப்பி அனுப்பிவிட்டாள். எந்த வீடு, எந்த மாடி என்று அவனும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. கேட்டு வைத்துக்கொள்கிற பழக்கமே அந்த வீட்டில் இல்லை.

அவள் போன அன்று இரவே கிண்ணத்தில் இருந்த கண்கள் ஜன்னல் பக்கம் திரும்பின. காலையில் தம்பி துண்டு எங்கே என்று கேட்டான். அவை ஜன்னலையே பார்த்தன. துண்டு காற்றில் பறந்துவிட்டது என்று கீழே இறங்கித் தெருவெல்லாம் தேடினான். டிபன் டப்பா எங்கே என்றாலும் ஜன்னல்தான், சீப்பு எங்கே என்றாலும் ஜன்னல்தான். கிண்ணத்தைத் திருப்பி வைத்தார்கள், கண்கள் தண்ணீருக்குள் மெல்லச் சுழன்று பழைய பக்கமே வந்து நின்றன. அடுத்த அறையில் வைத்தால் சுவரைத் துளைத்துவிடுவது போல் அதே திசையைப் பார்த்தன. அத்தையின் கடை இருக்கிற திசை அது. தம்பி அத்தைக்குப் போன் செய்து, "அக்கா, எதைக் கேட்டாலும் உன் பக்கமே பாக்குது, நான் என்னதான் பண்றது?" என்று கிட்டத்தட்ட அழுதான். "அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? எழுந்து தேடு!" என்று அத்தை போனை வைத்துவிட்டாள். வைத்த பிறகு வெகுநேரம் அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சனிக்கிழமை அவர்கள் வந்தார்கள். வாண்டு வேனின் முன்சீட்டில் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டாள். கண்கள் இடதுபக்கம் பார்த்தால் தம்பி இடதுபக்கம் ஒடித்தான், மேலே பார்த்தபோது வண்டியை நிறுத்தி மாடியேறினார்கள். அத்தை அப்போதுதான் பாஸ்தாவைத் தட்டில் போட்டு உட்கார்ந்திருந்தாள். சும்மா வெண்ணெயும் உப்பும் போட்ட பாஸ்தா, எந்த அலங்காரமும் இல்லை. கதவைத் திறந்தவள் நால்வரையும் கிண்ணத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "ஒரு போன் பண்ணிட்டு வரக்கூடாது? ஒரு ஆளுக்குத்தான் செஞ்சிருக்கேன்," என்றாள். ஆனால் வழியை விட்டு விலகி நின்றாள். கிண்ணம் அறைக்குள் வந்ததும் கண்கள் அவளை ஒரு தடவை பார்த்தன. பிறகு ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. திறந்த நாளிலிருந்து அவை தூங்கி யாரும் பார்த்ததில்லை. வாண்டு கிண்ணத்தை ஜன்னல் மேடையில் சத்தமில்லாமல் வைத்தாள்.

இப்போதும் ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர்கள் அப்படித்தான் வருகிறார்கள், முகவரி யாருக்கும் தெரியாது, தேவையும் படவில்லை. அன்று முதல் தடவையாக வந்தபோது தம்பி மனைவி பாஸ்தா வேக வைக்கப் பாத்திரம் தேடினாள், தம்பி தட்டுகளைத் தேடினான், மூத்தவள் உப்பைத் தேடினாள். கேட்பதற்குக் கண்கள் விழித்திருக்கவில்லை. அத்தையிடம் கேட்கலாமா என்று தம்பி ஒருமுறை திரும்பிப் பார்த்தான், பிறகு என்ன நினைத்தானோ, அடுத்த டப்பாவைத் திறந்தான். மூன்று பேர் குனிந்து நிமிர்ந்து இடித்துக்கொண்டு, அவ்வளவு சின்ன அறையில் எல்லாவற்றையும் தலைகீழாக்கிக்கொண்டிருந்தார்கள். தட்டுகள் பாய்க்குப் பின்னால் இருந்த பெட்டியில் இருந்தன. அத்தைக்கு அது நன்றாகத் தெரியும். அவள் சொல்லவில்லை. தன் தட்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, அவர்கள் தேடுவதைப் பார்த்தபடி நிதானமாகச் சாப்பிட ஆரம்பித்தாள்.