சில்வர் பெயின்ட் அடித்த ஆன்டெனா

காலையிலிருந்து ராயபுரம் ஆன்டெனாவுக்கு ஒரு சாட்டிலைட்கூடத் தெரியவில்லை. டெபோரா தலையில் அடித்துக்கொண்டு ஆபீசிலிருந்து ஓடிவந்தாள். கோயில் பள்ளிக்கூட மொட்டை மாடித் தூணின் உச்சியில் அதன் வெள்ளை மூடி எவர்சில்வர் குண்டான் மாதிரி மின்னியது. கீழே அவளுடைய அப்பா சவரிநாதன் பிரஷ் கழுவிக்கொண்டிருந்தார். ஹார்பரில் முப்பது வருடம் கப்பலுக்குப் பெயின்ட் அடித்தவர். அழுக்கைக் கண்டால் கை சும்மா இருக்காது.

உலகம் முழுக்க இப்படி ஆயிரக்கணக்கான ஆன்டெனாக்கள் ஆடாமல் அசையாமல் நின்று, தரை நகர்வதை மில்லிமீட்டர் கணக்கில் அளக்கின்றன. ராயபுரம் வருடத்துக்கு மூன்று மில்லிமீட்டர் இறங்குகிறது என்றது இந்த ஆன்டெனா. ஐந்து வருடம் அறுபடாத பதிவு இருந்தால்தான் நம்புவோம், அப்புறம்தான் புது வடிகால் என்று நிபுணர் குழு கறாராகச் சொல்லிவிட்டது. இன்னும் பன்னிரண்டே நாள்.

"யாரையும் தொட வுடாதன்னு சொன்னேனே நைனா."

"எவனையும் வுடல. நானேதான் அட்ச்சேன். திருவிழா வருது, உன் மிசின் மட்டும் கலீஜா கீது."

"சில்வர் பெயின்ட்ல அலுமினியத் தூள் கீது. சிக்னல் உள்ள போவாது."

போகட்டும், அசைக்காமல் சுரண்டிவிடலாம். சில மணி நேர இடைவெளியைக் குழு மன்னிக்கும். டெபோரா ஏணியில் கால் வைத்தாள்.

"ஏறாதம்மா, நானே கழட்டித் தரேன். காலைல ஈசியா வந்துச்சு."

அவள் அப்படியே நின்றாள். "கழட்னியா?"

"கழட்டாம அடில எப்டி அடிக்கிறது? வாஷரு தேஞ்சி கெடந்துச்சு. தூக்கிப் போட்டு, கப்பல் வாஷரா மூணு வச்சி டைட் பண்ட்டேன்."

கிட்டத்தட்ட ஐந்து வருடமாக இறங்கிய ராயபுரத்தை மூன்று தடித்த வாஷரால் ஒரே நாளில் பழைய உயரத்துக்கே தூக்கிவிட்டிருந்தார். எங்கப்பா பார்த்துக்கொள்வார் என்று ஆபீசில் வாக்குக் கொடுத்து ஆன்டெனாவை இங்கே வைக்கச் சொன்னவள் அவள்தான். யாரைத் திட்டுவது? லேப்டாப்பைத் திறந்து, 'ஆன்டெனா கழற்றி மாட்டப்பட்டது. பழைய பதிவு முடிந்தது' என்று எழுதினாள்.

"பேஜார் பண்ட்டனா?"

"மறுபடி மொதல்லேர்ந்து அஞ்சு வருசம் நைனா."

"அஞ்சு வருசந்தானே. நான் பாத்துக்கறேன்."

அவருக்கு எழுபத்து மூன்று வயது. போன மழையில் அவர் படுத்திருந்த கட்டில்வரை தண்ணீர் வந்தது. இனி அடுத்த ஐந்து மழைக்கும் வரும்.