செல்லையா கேட்ட இரண்டு நாள்

சோதனைக் குழாயில் இருந்த தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறியதைப் பார்த்ததும் தாரணி புட்டியில் ஒட்டியிருந்த சீட்டை இன்னொரு முறை படித்தாள். செத்துவிட்டதென்று அவளே எழுதிக்கொடுத்த தொட்டியின் சேறு அது. கழிவுநீர் ஆய்வாளரான அவளுக்குத் தானா ராத்தா மலைநகரில் இருந்த ஆய்வறையில், அந்தச் சேற்றின் ஒரு புட்டி மட்டும் இரண்டு மாதமாகக் குளிர்பெட்டியில் கிடந்தது. நேற்றுக் காலை எதற்கோ அதில் கொஞ்சம் அம்மோனியா விட்டு வைத்தாள். இன்று சேற்றின் பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கியிருக்கிறது; நைட்ரைட் இருந்தால்தான் சோதனையில் இந்த இளஞ்சிவப்பு வரும். செத்தது அந்த வேலையைச் செய்யாது.

இரண்டு மாதத்துக்கு முன்பு, மண்சரிவில் சாலை அடைபட்டு, தேயிலைத் தோட்டத்துத் தேநீர்க் கடைக்கு மூன்று வாரம் ஆளே வராமல் இருந்த சமயம். சாலை திறந்ததும் கடையின் கழிவுநீர்த் தொட்டியைச் சோதிக்க அவளைக் கூப்பிட்டார்கள். அம்மோனியா விட்டு இரண்டு மணி நேரம் பார்த்தாள். நிறம் வரவில்லை. தொட்டியைக் கவனித்துக்கொண்டிருந்த செல்லையா பக்கத்திலேயே நின்றார்.

“சாகல டாக்டர். தீனி வரல, அதான் சுருண்டு கெடக்கு. கோவிட் நேரத்துலயும் இப்படித்தான். ரெண்டு நாள் பாருங்கலா.”

“இல்லண்ணே, போச்சு. காலி பண்ணிடுங்க.”

அவள் படிக்காததா? அம்மோனியா கிடைக்காத நாட்களில் இந்தப் பாக்டீரியாக்கள் மற்ற செலவையெல்லாம் குறைத்துக்கொள்ளும்; அம்மோனியாவை ஆக்சிஜனேற்றும் நொதியை மட்டும் லேசில் கலைத்துவிடாது. மறுபடி அம்மோனியா வந்தால் அதை வைத்துக்கொண்டுதான் எழுந்திருக்கும். தெரிந்தும், அன்றைக்கே அறிக்கையை அனுப்பிவிடும் அவசரம்.

தொட்டியைக் காலி செய்து புதுச் சேறு போட்டார்கள்; அது பழக வாரக்கணக்காகும். அதற்குள் பள்ளி விடுமுறைக் கூட்டம் வந்துவிட்டது. கழிவு அப்படியே ஓடையில் இறங்கி, கீழே லெம்பா பெர்த்தாம் ஊரில் ஒருவருடைய குளத்து மீன்களெல்லாம் வயிறு வெளுத்து மிதந்தன. தொட்டிக்குக் காற்றூதும் மோட்டாரைச் செல்லையா போடாமல் விட்டிருப்பாரோ என்று தோட்டத்து மேனேஜர் கேட்டபோது, “இருக்கலாம்” என்றாள். அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. அவருக்கு வேலை போனது. வேலையோடு, தோட்டம் கொடுத்து, முப்பது வருடம் குடியிருந்த லயத்து வீடும்.

குழாயில் இளஞ்சிவப்பைப் பார்த்த அன்று மதியமே, செல்லையா இப்போது வேலை செய்யும் கோலா தெர்லாவுக்குக் காரை ஓட்டினாள். ஒரு காய்கறிக் கொட்டகையில் செல்லையா முட்டைக்கோஸின் பழுத்த இலைகளை வெட்டிக்கொண்டிருந்தார். அவள் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள், அந்த “இருக்கலாம்” உட்பட. கத்தி ஒரு கணம் நின்றது.

“நான் சொன்னேன்லா,” என்றார். குரலில் கோபமில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

“என் தப்புன்னு மேனேஜருக்கு எழுதிக் குடுக்கப்போறேன்ணே. வேலையும் வீடும் திரும்பக் கேக்குறேன்.”

“எழுதுங்க. என் பேரு சுத்தமாவட்டும்.” அடுத்த முட்டைக்கோஸை எடுத்தார். “வீட்டக் கேக்காதீங்க. அங்க வேற குடும்பம் வந்திருச்சு. கைப்பிள்ளைக்காரி. அவங்களக் கெளப்பி நான் போயி படுக்கணுமா?”

கூடைகளை ஏற்ற ஒரு லோரி பின்னோக்கி வந்து நின்றது. செல்லையா இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து ஒரு கூடையைத் தூக்கப் போனார். தாரணி ஓடிப்போய் மறுமுனையைப் பிடித்தாள். அவர் விடு என்றும் சொல்லவில்லை, பிடி என்றும் சொல்லவில்லை. ஈர இலைகளிலிருந்து தண்ணீர் சொட்ட, இருவருமாகக் கூடையை மேலே ஏற்றினார்கள். கீழே இன்னும் நாற்பது கூடை இருந்தது.