வயலின் வந்த பக்கம்

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சீனிச்சாமி தன் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றி மனைவியின் தலையில் மாட்டிவிட்டு, "வயலின் எந்தப் பக்கம் வருது, சொல்லு" என்று கேட்டார்.

கற்பகவல்லி உரித்துக்கொண்டிருந்த சின்ன வெங்காயத்தை மடியில் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக் கேட்டாள்.

"இடது பக்கம்."

"அதாம்ளா சொல்றேன். நீ உக்காந்திருக்க பக்கம். ஆறு வருசமா எனக்கு வயலின் உன் பக்கத்துல இருந்துதான் வருது."

"ஆமா, நான்தான் வாசிக்கேன். உங்களுக்கு ஆக்கிப்போட்ட நேரம் போக."

அவர் சிரித்துக்கொண்டே சட்டையை மாட்டிக்கொண்டு தயிர் வாங்கக் கடைக்குப் போனார். மறுநாள் காலையில் வழக்கம்போல ஏழு மணி பஸ்ஸில் விருதுநகரிலிருந்து சிவகாசிக்கு வேலைக்குப் போனார். அச்சகத்தில் பிளேட் அறை நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். காலண்டர் சீசன். ஆர்டர் குவிந்து கிடந்த நேரம். ஆனாலும் மிஷினையெல்லாம் நிறுத்திவிட்டு ஆட்கள் அத்தனை பேரும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

முப்பத்தோரு வருடம் அவர் காதில் ஓடியது மிஷின் சத்தம்தான். அதனால்தானோ என்னவோ, ஐம்பது வயதுக்கு மேல் அவருக்கு நல்ல சத்தத்தின் மேல் ஆசை வந்தது. டிபன் டப்பா அளவில் இரண்டு கறுப்புப் பெட்டிகள் வாங்கினார். ஒன்று டிஏசி. கம்ப்யூட்டரில் வெறும் எண்களாக இருக்கும் பாட்டை அது சத்தமாக மாற்றும். மற்றது ஆம்ப்ளிபையர். அந்தச் சத்தத்துக்குத் தெம்பு கொடுத்து ஹெட்போனுக்கு அனுப்பும். இரண்டுக்கும் நடுவே கனமான இரண்டு கறுப்பு ஒயர்கள். கற்பகவல்லிக்கு முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. "போன்லயே பாட்டு வருதே, அதுக்கு எதுக்குங்க ரெண்டு டப்பா?" என்றாள். அவளுடைய அண்ணன் செல்லப்பாண்டி வந்து பார்த்துவிட்டு, "என்ன மாப்ள, காதுக்கு ஒண்ணா ரெண்டு உளுந்தவடையை மாட்டிக்கிட்டு தவமா பண்றீக?" என்றார். சீனிச்சாமிக்கு அது காதில் விழவில்லை. வடை அவ்வளவு நல்ல வடை.

அவர் திரும்பத் திரும்பக் கேட்டது ஒரு கோயில் கொடைத் திருவிழாக் கச்சேரியை. பத்து வருடத்துக்கு முன்னால் யாரோ அக்கறையாகப் பதிவுசெய்தது. ஒரு பாட்டுக்காரர், வயலின், மிருதங்கம். பின்னால் கூட்டத்தில் ஒரு குழந்தை இருமுவதுகூடக் கேட்கும்.

பதினாறாம் நாள் காரியமெல்லாம் முடிந்த பிறகு, மகள் அனுப்பிரியாதான் அம்மாவுக்கு அதைப் போடவும் அணைக்கவும் சொல்லிக்கொடுத்தாள். அவள் மதுரையில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறாள், சனி ஞாயிறுக்கு வந்து போவாள். கற்பகவல்லி தினமும் சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு அவருடைய நாற்காலியில் உட்காருவாள். இடது பக்கம் அவள் வழக்கமாக உட்காரும் பிரம்பு நாற்காலி காலியாகக் கிடக்கும். வயலின் அந்த நாற்காலியிலிருந்து வரும். அவர் கேட்டது இதைத்தான், இப்படித்தான் என்று அவளுக்கு நிறைவாக இருக்கும். அந்த ஒரு மணி நேரத்தில் அவள் அழுததில்லை.

பொங்கலுக்கு வெள்ளையடித்தார்கள். அடுத்த நாள் அனுப்பிரியா பெட்டிகளைத் துடைத்து, எல்லாவற்றையும் திரும்ப மாட்டி வைத்துவிட்டு மதுரைக்குப் போனாள். அன்று சாயங்காலம் கற்பகவல்லி கச்சேரியைப் போட்டாள். வயலின் வலது பக்கம் வந்தது. பீரோ நிற்கிற பக்கம்.

ஹெட்போனைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டினாள். பீரோதான் வாசித்தது.

அன்றைக்கு அவர் கேட்டபோது இடது பக்கம் என்று சொன்னோமா, வலது பக்கம் என்றா? நீ உட்கார்ந்திருக்கிற பக்கம் என்று அவர் சொன்னது நிஜம்தானா? இத்தனை நாள் ஆசைக்கு நாமே அப்படிக் கட்டிக்கொண்டோமா? அந்த அறையில் அன்று இருந்தது இரண்டே பேர். ஒருவரிடம் இனிக் கேட்க முடியாது. அவர் சொன்ன கடைசி நல்ல வார்த்தை அது. அதிலேயே சந்தேகம் வந்தால் மற்றதெல்லாம் என்ன ஆவது? அந்த வாரம் முழுக்க அவள் பெட்டியைத் தொடவில்லை. குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டாள்.

சனிக்கிழமை மகள் வந்து பையை இறக்கும் முன்னே கற்பகவல்லி கேட்டுவிட்டாள்.

"ஏத்தா, எனக்குக் காது கோளாறா, புத்தி கோளாறா? வயலின் பக்கம் மாறி வருது."

அனுப்பிரியா நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயோ, உன்கிட்ட சொல்ல மறந்துட்டேம்மா. அப்பா ஒயரை மாத்திக் குடுத்திருந்தாரு. துடைக்கிறப்ப பார்த்துட்டு நான்தான் சரி பண்ணேன்."

"மாத்தின்னா?"

மகள் அவளைப் பெட்டியின் பின்புறம் கூட்டிப்போய்க் காட்டினாள். ஆம்ப்ளிபையரின் பின்னால் கம்பெனிக்காரன் போட்ட எழுத்தின் மேல் சீனிச்சாமி இரண்டு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார். புஸ்வாணப் பெட்டி லேபிளில் மிஞ்சிய தாளில் அவரே அச்சடித்தது. ஒன்றில் 'இ', மற்றதில் 'வ'. ஓரம் தூக்கியிருந்த 'இ'யை அனுப்பிரியா நகத்தால் லேசாக உரித்தாள். அடியில் வலதுக்கான ஆங்கில 'ஆர்' இருந்தது.

"அச்சடிச்சு ஒட்டுற அளவுக்கு யோசிச்சவரு எப்படிம்மா தப்பா ஒட்டினாரு?"

கற்பகவல்லி அந்த ஸ்டிக்கரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். மகள் பயந்துவிட்டாள். "என்னம்மா?"

"உங்கப்பா தப்பாப் போடலடி. பிலிம் பார்க்கிற மாதிரி பார்த்திருக்காரு."

அச்சுக்குப் பிளேட் போடுவதற்கு முன்னால், எழுத்தும் படமும் பதிந்த பிலிமைச் சரிபார்ப்பதுதான் அவருடைய வேலை. பிலிமில் மருந்து பூசிய பக்கத்தைப் பார்த்தால் எல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலமாகத்தான் தெரியும். பட்டாசு லேபிளில் இருக்கும் சிறிய எச்சரிக்கை வரிகளைக்கூட அப்படியே மாறிய பக்கத்திலிருந்து பிழையில்லாமல் படிப்பார். இந்தப் பெட்டிகளை வாங்கிய புதிதில் அவற்றுக்குப் பின்னால் தலையை விட்டுக்கொண்டு, "பின்பக்கம்னா எல்லாம் மாறித்தான் இருக்கும்ளா, நாமதான் திருப்பிக்கிடணும்" என்று அவர் சொன்னது அவளுக்கு இப்போது ஞாபகம் வந்தது. பெட்டியின் பின்பக்கத்து எழுத்தையும் பிலிம்போல் நினைத்துத் திருப்பி ஒட்டியிருக்கிறார்.

"அப்ப ஆறு வருசமா உங்கப்பா வயலினை இடது பக்கமாத்தான் கேட்டாரு?" என்றாள்.

"ஆமாம்மா. தப்பாத்தான் கேட்டாரு."

"இடது பக்கம்தானே?"

"எத்தனை தடவை கேப்ப? இடதுதான்."

கற்பகவல்லி எழுந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப பழையபடி மாத்து."

"அம்மா, கச்சேரியில நிஜமா வயலின்காரர் உக்காந்தது வலது பக்கம்."

"அவர் எங்கன வேணாலும் உக்காந்துட்டுப் போறாரு. நீ மாத்து."

"ஒயரை ஏன் கழட்டணும்? ஹெட்போனைத் திருப்பிப் போட்டுக்கோ, ஆச்சு."

கற்பகவல்லி திருப்பிப் போட்டுப் பார்த்தாள். காதுக்கு ஏற்றபடி சாய்வாகச் செய்த மெத்தை அது. இப்போது தாடையை அமுக்கியது. "சட்டையைத் திருப்பிப் போட்ட மாதிரி இருக்கு. ஊர்ல பார்த்தா என்ன சொல்லுவாக?"

"ஊரா? உன்னை இங்க யாரு பார்க்கா?"

"நீதான் பார்க்கியே."

அனுப்பிரியா தலையில் அடித்துக்கொண்டு பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு ஒயர் இரண்டையும் மாற்றிச் செருகினாள். உரித்த 'இ' ஸ்டிக்கரைப் பசை தடவி அதே இடத்தில் ஒட்டினாள். மாறியது சரியாக இருக்கிறதா என்று முதலில் தானே மாட்டிக்கொண்டு கேட்டாள். அம்மாவின் பிரம்பு நாற்காலி இருந்த பக்கம் கையை நீட்டிக் காட்டிவிட்டு, ஹெட்போனைக் கழற்றிக் கொடுத்தாள்.

கற்பகவல்லி கண்ணை மூடினாள். வயலின் இடது பக்கம் வந்தது. மிருதங்கம் பீரோப் பக்கம் போய்விட்டது. இந்த ஒரு வாரத்தில் ஒயர் இரண்டு தடவை இடம் மாறியதில் பாட்டுக்காரர் மட்டும் அசையவில்லை. அவர் அப்போதும் நடுவில்தான் உட்கார்ந்து பாடினார்.