அகல டயர்

அப்பாவின் உடலைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்க நீர்மாலைக்குப் போனவர்களின் சங்குச் சத்தம் தெருமுனையில் கேட்டதும் மாரிக்கனி அப்பாவின் காலடியிலிருந்து எழுந்து வாசலுக்கு வந்தாள். முன்னால் வந்த தம்பி சோலைராஜ் தோளில் குடம் இருந்தது. அவள் அவன் விரல்களைத்தான் பார்த்தாள். நகக்கண் முழுக்கக் கறுப்பு.

வாசல் முருங்கையில் அப்பாவின் சைக்கிள் சாய்ந்திருந்தது. நேற்று ராஜபாளையத்திலிருந்து அவள் ஓடிவந்து இறங்கியபோது அதன் முன்டயர் ரிம்மைவிட்டுப் பிதுங்கித் தொங்கிக் கிடந்தது. இப்போது டயர் ரிம்முக்குள் இருந்தது. காற்றும் அடித்திருந்தது.

அவளுக்குப் பல் நறநறத்தது. அப்பா நடுவீட்டில் கிடக்கும்போது, டயர் கழன்றது தெரியாதபடி ராவோடு ராவாக உட்கார்ந்து தம்பி இந்த வேலையைப் பார்த்திருக்கிறான்.

"சனிக்கிழமையும் அதுவுமா நம்ம பக்கத்துத் திருவண்ணாமலையில பெருமாளைக் கும்பிட்டுட்டு வந்த மனுசன்," பக்கத்து வீட்டு அழகுத்தாய் அம்மாவைக் கட்டிக்கொண்டு சொன்னாள். "பெருமாளே கூப்பிட்டுக்கிட்டாரு நாச்சியாரு. இப்படிச் சாவு யாருக்கு வரும்?"

"வேணும்னா நீங்க வாங்கிக்கோங்க சித்தி," என்றாள் மாரிக்கனி.

அழுகை சட்டென்று நின்றது. "ஏட்டி, என்ன பேச்சு இது?" என்று அம்மா அதட்டினாள். மாரிக்கனி திரும்பிக்கொண்டாள்.

பெருமாளாவது, கூப்பிட்டதாவது. அப்பாவின் சைக்கிள் பழசு, ரிம் ஒல்லி. குலுங்கி இடுப்பு வலிக்கிறது என்று ஒருநாள் அவர் சொல்லப்போக, சோலைராஜ் மலைச் சைக்கிளுக்குப் போடுகிற அகல டயரை வாங்கி வந்து மாட்டினான். கடைக்காரர் ஆகாது என்று சொல்லியும் கேட்கவில்லை. தெருவே வேடிக்கை பார்த்தது. அப்பாவுக்கும் பெருமைதான்.

பத்து நாள் கழித்து அவர் போனில் மெதுவாகச் சொன்னார். "நேராப் போறப்ப மெத்தையில உக்காந்த மாதிரி இருக்குட்டி. திருப்புனா மட்டும் ஹேண்டில் ஒரு பக்கம் போவுது, சக்கரம் ஒரு பக்கம் நெளியுது."

"கழட்டிப் போடுங்கப்பா."

"புள்ள ஆசையா மாட்டிவிட்டிருக்கான். மனசு சங்கடப்படுவான்."

அன்றைக்கே தம்பியைக் கூப்பிட்டாள். "ஏலே, ஒல்லி ரிம்முல அம்புட்டு அகலத்தைப் போட்டா எப்படிலே பிடிச்சு நிக்கும்? வளைவுல டயர் சாயுதாம்."

"நீ எப்பக்கா சைக்கிள் கம்பெனி ஆரம்பிச்ச?" என்று சிரித்தான். "காத்தைக் கொறைச்சு விட்டிருக்கேன். இனிமே குலுங்காது."

காற்றைக் குறைத்தானாம். இருந்த கொஞ்சநஞ்சப் பிடியும் போயிற்று. கண்மாய்க்கரை வளைவில் அப்பா ஹேண்டிலைத் திருப்பினார். டயர் ரிம்மைவிட்டுக் கழன்றது. தலை மதகுக் கல்லில் மோதியது.

குளிப்பாட்டினார்கள். கோடித்துணி போட்டார்கள். கொள்ளிச்சட்டியை ஏந்திக்கொண்டு சோலைராஜ், "அப்பா, அப்பா," என்று கதறினான். பெண்கள் அவனைப் பார்த்து இன்னும் அழுதார்கள். மாரிக்கனி மட்டும் அழவில்லை. சட்டியைப் பிடித்திருந்த அந்த நகங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்தால் அம்மா இன்றே செத்துவிடுவாள் என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

ஆண்கள் குளித்துவிட்டு ஈரத்துண்டோடு திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. அப்பாவின் தம்பி பால்ச்சாமி முருங்கையிலிருந்து சைக்கிளை எடுத்தார்.

"கேதத்துக்கு வந்தவிய காப்பித்தண்ணிகூட இல்லாம உக்காந்திருக்காவ. செத்த நேரத்துல பால் வாங்கிட்டு வாரேன்."

மாரிக்கனி தம்பியைப் பார்த்தாள். இப்போதாவது சொல்லுவான். வேண்டாம் சித்தப்பா என்று ஒரு வார்த்தை போதும், மற்றதை அவள் விட்டுவிடுவாள்.

சோலைராஜ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

சித்தப்பா பெடலில் காலை வைத்து உந்தினார். அவள் ஓடிப்போய்க் கேரியரைப் பிடித்து நிறுத்தினாள். முன்சக்கரத்தின் அருகே குந்தி வால்வைத் திருகி உருவினாள். காற்று சீறிக்கொண்டு வெளியேறியது. வாசலில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள்.

"ஏட்டி, கோட்டி புடிச்சிருச்சா? எதுக்கு இப்படிப் பண்ணுத?"

"அவன்கிட்ட கேளுங்க சித்தப்பா."

சீறல் ஓய்ந்தது. ஒல்லி ரிம்முக்கு இரண்டு பக்கமும் டயர் மடிந்து மண்ணில் படுத்தது. அம்மா வாசற்படிக்கு வந்து அதைப் பார்த்தாள். பிறகு மகனைப் பார்த்தாள்.

சோலைராஜ் இரண்டு கைகளையும் ஈரத்துண்டுக்குள் சுருட்டி வைத்துக்கொண்டான்.